வென்றிருக்கலாமா?

சதுரங்க ஆட்டம் முடிந்து காய்கள் பெட்டிக்குட் சென்ற பின்னரும் முடிவுறாத வழக்கொன்று உண்டு. "இதனை வென்றிருக்கலாமன்றோ?" என்பதே அது. ஒருவர் ஆம் என்பர். மற்றொருவர் சமநிலைக்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்பர். விளையாட்டுப் பேச்சென்று இதனைத் தள்ளிவிடலாகாது. பிறர் செயலுக்கு நாம் தீர்ப்புரைக்கும் முறை எத்தகையது என்பதை இச்சிறு வழக்கு நன்கு காட்டும் என்பது எம் கருத்து.

2024ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் சிங்கப்பூரில் நிகழ்ந்த உலக வாகைப் போட்டியின் 14ஆம் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். சீன நாட்டுத் திங் லிரெனும், சென்னையைச் சேர்ந்த 18 வயது இளைஞர் குகேஷும் 13 ஆட்டங்களின் முடிவில் ஆளுக்கு ஆறரைப் புள்ளி பெற்றிருந்தனர். எஞ்சிய ஓராட்டத்தின் இறுதிக்கட்டத்தில் இருவரிடமும் கோட்டையும் அமைச்சரும் இருந்தன. கருங்காய் ஆடிய குகேஷிடம் ஒரு காலாள் மட்டுமே மிகுதி. கணினிகள் சமநிலை என்றன. பார்த்திருந்த வல்லுநரும் அதனையே மொழிந்தனர். குகேஷ் மட்டும் ஆட்டத்தை நிறுத்தவில்லை.

55ஆம் நகர்த்தலில் திங் தம் கோட்டையை எஃப் 2 கட்டத்துக்குக் கொணர்ந்து, கோட்டைக்குக் கோட்டை மாற்ற இசைந்தார். காய்கள் குறைந்தால் அமைதி விரைந்து வரும் என்று எண்ணினார் போலும். அவருடைய அமைச்சரோ ஏ 8 என்னும் மூலையில் ஒடுங்கி நின்றது. கோட்டைகள் நீங்கியதும் குகேஷ் தம் அமைச்சரை டி 5 கட்டத்தில் நிறுத்தினார். மூலையில் நின்றது தப்ப வழியின்றி அமைச்சர்களும் வெட்டுண்டன. அரசர்களும் காலாட்களுமே எஞ்சிய அந்நிலையில், மிகுதியாயிருந்த ஒரு காலாளே வெற்றிக்குப் போதுமானதாயிற்று. 58ஆம் நகர்த்தலோடு திங் தோல்வியை ஏற்றார். அத்தவறு தம் கண்ணிலும் உடனே படவில்லை என்று குகேஷ் பின்னர் கூறியமை நினைக்கத்தக்கது.

இவ்வாட்டம் வெல்லத்தக்கதாயிருந்ததா? முன்னாள் உலக வாகையர் கிராம்னிக், சிறுபிள்ளைத்தனமான ஒரு பிழையாற் பட்டம் கைமாறியது என இகழ்ந்தார். அவர் கூற்றில் ஒரு பாதி உண்மை உண்டு, மறுபாதி விடுபட்டுள்ளது. ஏனெனில், "வெல்லத்தக்கது" என்னும் ஒரு சொல்லுக்குள் மூன்று வினாக்கள் அடங்கியுள்ளன.

முதலாவது, பலகையில் வெற்றி உண்டா என்பது. பலகையில் 7 காய்கள் வரை எஞ்சும் எந்நிலைக்கும் இன்று கணினிப் பட்டியல்கள் பிழையற்ற விடை தருகின்றன. அவற்றுள் ஒரு நிலையில் எதிரரசனை மடக்க 549 நகர்த்தல்கள் வேண்டும். இரண்டாவது, விதி அதற்கு இடந்தருமா என்பது. காலாள் நகராமலும் காய் வெட்டுப்படாமலும் இருபுறத்தாரும் 50 நகர்த்தல்கள் ஆடிவிட்டால் சமநிலை கோரலாம்; ஆதலின் பட்டியலில் வெற்றியாகவும் விதியிற் சமமாகவும் முடியும் நிலைகள் பல. மூன்றாவது, அந்நாழிகையில், அக்களைப்பில், ஓடும் கடிகாரத்தின் முன் அமர்ந்த மனிதனால் அதனைக் காணல் கூடுமா என்பது. 549 நகர்த்தல்களின் வழியை எம்மனிதன் காண்பான்?

வள்ளுவர் வலியறிதலை 48ஆம் அதிகாரமாகவும், காலமறிதலை 49ஆவதாகவும், இடனறிதலை 50ஆவதாகவும் அடுத்தடுத்து வைத்தார். இறுதிக்கட்டத்தை எடைபோடுவோர்க்கு இவ்வரிசையினும் சிறந்த வழிகாட்டி இல்லை. மிகுந்த ஒரு காலாள் வலி. மூலையில் ஒடுங்கிய அமைச்சர் இடம். 14 ஆட்டங்களின் சோர்வும் கடிகாரமும் காலம். வலியை மட்டும் எண்ணினோர் சமநிலை என்றனர். மூன்றையும் எண்ணியவன் தொடர்ந்து ஆடினான். ஆகவே எம் தீர்ப்பு இது: பலகையின்படி அவ்வாட்டம் வெல்லத்தக்கதன்று, ஆயினும் அது நேர்மையாக வெல்லப்பட்டது. திங்கை இகழ்வதும் தகாது, குகேஷின் வெற்றியைக் குறைப்பதும் தகாது.

இத்தீர்ப்பு நடுநிலையானதா என்பதை அறிய உரைகல் ஒன்றுண்டு. 2013ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் சென்னையில் நடந்த உலக வாகைப் போட்டியின் 6ஆம் ஆட்டத்தில், நம் ஆனந்த் கோட்டைகள் எஞ்சிய இறுதிக்கட்டத்தில் கார்ல்சனிடம் தோற்றார். 60ஆம் நகர்த்தலில் கோட்டையை நகர்த்தாது பி வரிசைக் காலாளை முன்தள்ளியிருந்தால் சமநிலை காத்திருக்கலாம். அன்றும் சமமான நிலையை விடாது ஆடியவரே வென்றார். நம்மவர் வென்றால் விடாமுயற்சி என்றும், பிறர் வென்றால் நற்பேறு என்றும் கூறுவோமாயின் நாம் தீர்ப்புரைப்போர் அல்லேம், கட்சிக்காரரே ஆவோம்.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருட் பலர் பரீட்சகராகவும் அதிகாரிகளாகவும் இருந்து நாளும் தீர்ப்புரைப்பவர். அவர்பொருட்டு எம் ஊர்ச் செய்தி ஒன்றையும் சொல்லவேண்டும். ஆட்டத்தையும் உயிரையும் ஒரே தராசில் இடுதல் முறையன்று. ஆயினும் தீர்ப்பிடும் நெறி ஒன்றே. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன் குடியிருப்புகளை மூடியது. "முன்னரே எச்சரிக்கை இருந்ததே, ஏன் நீங்கவில்லை?" என்று மாண்டவரையே வினவியோர் அந்நாளில் இருந்தனர். நீங்கு என்னும் சொல் பலகையிற் காணும் நகர்த்தல் போல்வது. நீங்கிச் சென்று குடியேற நிலம் வேண்டும். அன்றாடச் சம்பளத்துக்குரிய வேலை அங்கேயும் வேண்டும். காயை எடுத்தவனுக்கு அதனை வைக்கக் கட்டமில்லையாயின், நல்ல நகர்த்தலை அவன் தவறவிட்டான் என்பது தீர்ப்பாகாது.

முடிவை அறிந்தபின் வழியைக் காட்டுதல் எளிது. வழி இருந்ததா, அதற்கு இடமளிக்கப்பட்டதா, அந்நேரத்தில் அது கண்ணுக்குப் புலனாயிற்றா என மூன்றையும் வினவிய பின்னரே "வென்றிருக்கலாம்" என்னும் சொல்லை வாயெடுத்தல் வேண்டும். பரீட்சையில் தவறிய மாணவனுக்கும், தொழிலில் இடறிய நண்பனுக்கும் இம்மூன்று வினாக்களின் நன்மையை மறுக்காதிருத்தல் கற்றோர் கடன். அக்கடனை ஆற்றும் மாந்தரைக் கல்லூரி அன்னை மேன்மேலும் ஈன்று நீடு வாழ்க!