தொண்டைமானாற்றுக்கு ஒரு பூட்டு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறே இல்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் நாங்கள். ஆயினும் தொண்டைமானாறு, உப்பாறு, வழுக்கையாறு என்று பெயர்களுக்குக் குறைவில்லை. மாரியில் ஓடி, கோடையில் உவர் பூத்துக் கிடக்கும் இந்த நீர்நிலைகளை ஆறு என்று அழைத்த நம் முன்னோரின் ஆசை பெரிதுதான். (க.பொ.த. உயர்தரம் படித்தவர்களுக்குத் தொண்டைமானாறு என்றவுடன் வெளிக்கள நிலையத்தின் வினாத்தாள்தான் வயிற்றைக் கலக்கும். அது வேறு கதை.)

இவற்றுள் தொண்டைமானாறு ஒரு வகையில் கால்வாயே. கலிங்கப் போர் வென்ற கருணாகரத் தொண்டைமான், கரணவாயிலும் வெள்ளப்பரவையிலும் விளைந்த உப்பைக் கடலுக்குக் கொண்டு செல்ல இதனை வெட்டி ஆழப்படுத்தினான் என்பது மரபு. சான்று கேட்டால் சரித்திர ஆசிரியர்கள் தலையைச் சொறிவார்கள். எனினும் உப்பை வெளியே ஏற்றுவதற்குத் திறந்த வாய் என்று சொல்லப்படுவதையே, உப்பு உள்ளே வராதிருக்க 1950களின் தொடக்கத்தில் தடுப்பணை கட்டி மூடினோம் என்பதில் ஒரு சுவை இருக்கிறது.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு கேள்வி. இங்கிலாந்தில் தங்கை வீட்டிற்குச் சென்றிருந்தபோது, லண்டனுக்கு வடக்கே ஸ்ரோக் புரூவேர்ண் என்ற கிராமத்தில், கிராண்ட் யூனியன் கால்வாயில் ஒரு நாள் முழுவதும் படகில் போனோம். அகலம் ஏழு அடிதான். நீளமோ நம் ஊர்ப் பேருந்தை விட அதிகம். நடப்பவரோடு போட்டி போடும் வேகம். அங்கே ஏழு நீர்ப்பூட்டுகள் அடுத்தடுத்து உள்ளன. படகை ஓர் அறைக்குள் விட்டுக் கதவை அடைத்து, கைப்பிடியைச் சுழற்றி மடையைத் திறந்தால் நீர் நிரம்பிப் படகு தானாக மேலேறுகிறது. இயந்திரம் எதுவுமில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய ஏற்பாடு இன்றும் வேலை செய்கிறது. கைப்பிடியைச் சுழற்றிக் களைத்த மருமகன் கேட்டான்: “மாமா, இப்பிடி ஒண்டை எங்கட தொண்டைமானாத்திலையும் கட்டினால் என்ன? சந்நிதியிலையிருந்து வல்லைப் பாலம் வரைக்கும் படகு விடலாம்தானே?”

ஊரிலும் சுற்றுலாவைப் பற்றிப் பேசுவோர் ஏறத்தாழ இதையே கேட்கிறார்கள். என் பதில், வேண்டாம் என்பதே.

அந்தக் கால்வாயில் பூட்டின் இரு பக்கமும் நன்னீர். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இரண்டு இலட்சம் லீற்றருக்கு மேல் நீர் கீழே போய்விடுகிறது. அதை ஈடுசெய்ய மேலே நீர்த்தேக்கங்கள் வைத்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் 2025 கோடையில் மழை பொய்த்தபோது பல கால்வாய்களில் பூட்டுகளை மூடிவைக்க வேண்டியதாயிற்று. தொண்டைமானாற்றிலோ ஒரு பக்கம் கடல். கதவு திறக்குந்தோறும் பாரமான உவர்நீர் அடியால் நுழையும். ஒல்லாந்தில் ஐமௌடன் துறைமுகத்தில் 2022இல் மாபெரும் கடற்பூட்டைத் திறந்தவர்கள், உள்ளே புகும் உவர்நீரைத் திருப்பியனுப்பவென்றே தனியாக ஒரு கட்டுமானம் எழுப்ப நேர்ந்தது. கடலோடு மல்லுக்கட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கே இந்தப் பாடு.

நமக்கு இழக்க இருப்பதோ கிணறு. சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய வில்லையாக மிதக்கிறது. நிலாவரைக் கேணியில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதனாலேயே. பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்ற திட்டத்தை வகுத்தது இந்த வில்லையைத் தடிப்பாக்கத்தான். கனகராயன் ஆறு வந்து சேரும் ஆனையிறவு நீரேரியை நன்னீராக்கி, முள்ளியானில் சுமார் 4 கிலோமீற்றர் கால்வாய் வெட்டி, வடமராட்சி நீரேரிக்கும் உப்பாற்றுக்கும் நீரைக் கொண்டுவருவது அவர் எண்ணம். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் எழுந்தன; திட்டம் முழுமை பெறவில்லை. பின்னர் போர். 2024இல் தலையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் தரும் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்டது. குடிநீருக்கு அது நல்லதே. ஆனால் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அந்த நீரை யார் விலைகொடுத்து இறைப்பது?

ஆகவே கதவு மூடியிருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் எப்போது மூடுவது என்பதில்தான் வழக்கே இருக்கிறது. மாரியின் முதல் வெள்ளம் நீரேரியின் அடியிலுள்ள உப்பைக் கரைத்து வெளியே கொண்டுபோக வேண்டும். அதற்குக் கதவு திறந்திருக்க வேண்டும். மழை ஓய்வதற்குள் மூடினால்தான் நன்னீர் மிஞ்சும். முந்தி மூடினால் வயல் மூழ்கும்; பிந்தி மூடினால் கடல் வந்துவிடும். இறால் குஞ்சுகளோ கடலிலிருந்து இதே வாயால்தான் நீரேரிக்குள் வருகின்றன. வீச்சுவலையை நம்பிய குடும்பங்களுக்கு மூடிய கதவு மூடிய உலைப்பானை. கமக்காரனின் நன்மையைப் பேசுகிற நம்மில் பலர் இவர்களைப் பற்றி வாய் திறப்பதில்லை. நன்னீர் மீன்வளர்ப்பு என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். நீரேரி நன்னீராவதற்கு எடுக்கும் ஆண்டுகளில் இவர்கள் எதை உண்பது? அந்த இடைக்காலத்துக்கான நட்ட ஈடு திட்டச் செலவின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும், கருணைத்தொகையாக அல்ல.

இங்கிலாந்தின் பூட்டில் கைப்பிடி வைத்திருக்கும் எவரும் கதவைத் திறக்கலாம். விதி பலகையில் எழுதியிருக்கிறது. நம் அணையின் கதவு எந்த நாளில், எந்த அளவீட்டைப் பார்த்துத் திறக்கப்பட்டது என்பதைக் கமக்காரரும் அறியார், மீனவரும் அறியார். இருவரும் ஒருவரையொருவர் சந்தேகிக்கிறார்கள். வல்லைப் பாலத்தடியில் வாரமொருமுறை நீரின் உவர்ப்பை அளந்து, அந்த எண்ணையும் கதவின் நிலையையும் கமக்காரர் அமைப்பிலும் கடற்றொழிலாளர் சங்கத்திலும் எழுதிவைக்கப் பெரிய செலவு ஆகாது. தேர்த் திருவிழாவுக்கு அத்தனை சனம் வந்து தீர்த்தமாடும் சந்நிதி வாசலிலும் ஒரு பலகைக்கு இடமிருக்கும்.