வாரம் 100 மணி நேர வேலையா? ராக்ஸ்டார் கேம்ஸ் ஊழியர்கள் சொன்னது என்ன?

2018 அக்டோபர். 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' வெளியாகச் சில நாட்களே இருந்தன. ராக்ஸ்டார் இணை நிறுவனர் டான் ஹவுசர், வாரம் 100 மணி நேரம் உழைத்ததாக ஒரு பேட்டியில் சொல்லிவைத்தார். கணக்குப் போட்டுப் பாருங்க: ஞாயிறையும் சேர்த்து தினம் 14 மணி நேரத்துக்கு மேல!

சர்ச்சை வெடித்ததும், அது மூத்த எழுத்தாளர்கள் நான்கு பேர் மூன்று வாரம் பார்த்த வேலை மட்டுமே என்று விளக்கம் வந்தது. ஊழியர்களின் சராசரி 42 முதல் 46 மணி நேரம்தான் என்றது நிறுவனம். ஆனால் சராசரி எதை வேணும்னாலும் மறைக்கும். கோட்டாகு தளத்திடம் பேசிய பலர் சொன்ன கணக்கு, வாரம் 55 முதல் 60 மணி நேரம்.

இங்கிலாந்தின் லிங்கன் நகர அலுவலகத்தில் இருப்பவர்கள், கேமில் பிழை தேடும் டெஸ்டர்கள். அவர்களுக்கு ஓவர்டைம் கட்டாயமாக இருந்தது. விஷயம் வெளியே வந்த பிறகே 'விருப்பப்பட்டால் பாருங்கள்' என்று மாறியது. பிரிட்டனில் வாரம் 48 மணி நேர வரம்பு இருக்கே என்கிறீர்களா? இருக்கு. ஊழியர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அந்த வரம்பு அவருக்குப் பொருந்தாது.

பிடிக்காதவர்கள் வேலையை விடலாமே? அங்கேதான் சிக்கல். கேம் வெளியாகும் முன் விலகினால், அதன் டைட்டில் கார்டில் பெயர் வராது. நாலைந்து வருஷ உழைப்புக்கு, அடுத்த கம்பெனியில் காட்ட இருக்கும் அத்தாட்சியே அதுதான். சம்பளத்தைவிட இந்தப் பயம்தான் ஆட்களைக் கட்டிப்போட்டது என்று தோன்றுகிறது. விமர்சனம் எழுந்ததும், விலகியவர்களின் பெயர்களை நிறுவனம் இணையதளத்தில் நன்றி சொல்லி வெளியிட்டது. கேமுக்குள் இல்லை.

முதல் மூன்று நாளில் அந்த கேமின் விற்பனை 72.5 கோடி டாலர்.

இப்போது எல்லோரும் காத்திருப்பது ஜிடிஏ 6-க்கு. 2025-ல் வரவேண்டியது, 2026 மே 26-க்குப் போய், பிறகு நவம்பர் 19-க்குத் தள்ளிப்போனது. அந்த இரண்டாவது அறிவிப்புக்குச் சில நாட்கள் முன்பு, பிரிட்டனிலும் கனடாவிலும் 30-க்கும் மேற்பட்டோரை ராக்ஸ்டார் வேலையை விட்டு நீக்கியது. ரகசியத் தகவலைப் பகிர்ந்தார்கள் என்கிறது நிறுவனம். சங்கம் சேர்ந்ததற்கான தண்டனை என்கிறது ஐ.டபிள்யூ.ஜி.பி. தொழிற்சங்கம்.