கழுத்துக் கட்டிக்கு ஒரு கெடு

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

கழுத்தில் நெறி கட்டி, மாலையில் காய்ச்சல், இரவில் வேர்வை, உடல் இளைப்பு என்று ஒருவர் வந்து நின்றால், நம் மருத்துவர்களுக்கு முதலில் தோன்றுவது டிபி. அதில் தவறில்லை, இந்த நாட்டில் அதுதான் அதிகம். 'கண்டமாலை' என்று அதற்குப் பழைய பெயரே உண்டு. ஆனால் நிணநீர்ப் புற்றுநோயான லிம்போமாவும் இதே வேஷத்தில்தான் வருகிறது. டிபி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கிய பிறகே சிலருக்கு உண்மை தெரியவருகிறது. அதனால் ஒன்று கேட்கிறேன்: டிபி கிருமி இருப்பதற்குச் சான்று கிடைக்காமலே மருந்து தொடங்கப்பட்ட நிணநீர்க் கணு, இரண்டு மாதத்தில் சுருங்காவிட்டால், அதை முழுதாக எடுத்துப் பயாப்சி செய்ய வேண்டும் என்று விதி வகுக்க வேண்டும்.

ஊசி போட்டு எடுத்துப் பார்ப்பது போதாதா என்றால், போதாது. 1832-இல் லண்டனில் தாமஸ் ஹாட்ஜ்கின் விவரித்த, பின்னாளில் அவர் பெயரையே பெற்ற வகையில், புற்று அணுக்கள் சொற்பம். சாதாரண அணுக்களின் கூட்டத்துக்குள் ஒன்றிரண்டாக ஒளிந்திருக்கும். ஊசி அவற்றைத் தொடாமலே வரலாம். டிபியில் காணும் கிரானுலோமா என்ற அணுத் திரள் இதிலும் தென்பட்டு ஏமாற்றும். இடையில் யாராவது ஸ்டீராய்டு கொடுத்து வீக்கத்தை வற்றவைத்துவிட்டால், பிறகு திசுவிலும் நோயைக் கண்டுபிடிப்பது கடினம். எந்த வகை லிம்போமா என்று தெரியாமல் மருந்தும் முடிவு செய்ய முடியாது: அணுவின் மேல் சிடி20 என்ற புரதம் இருந்தால்தான் ரிடுக்சிமாப் என்ற மருந்து வேலை செய்யும்.

மருந்துக்கும் பஞ்சமில்லை. ஹாட்ஜ்கின் லிம்போமாவுக்குத் தரும் நான்கு மருந்துகளில் ஒன்றான வின்பிளாஸ்டின், மயிலாப்பூர் வீட்டு வாசல்களில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வருவது. ஆரம்ப நிலையில் முழுச் சிகிச்சை பெறுபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் குணமாகிறார்கள். நான்காம் நிலையிலும் கைவிட வேண்டிய நோயல்ல. ரிடுக்சிமாபின் விலை குறைந்த வடிவம் 2007-லேயே ஐதராபாத்திலிருந்து வந்துவிட்டது.

டிபி கணுவே மருந்து தொடங்கிய பின் சில காலம் பெருப்பதுண்டே, அதற்கெல்லாம் கத்தி வைக்க முடியுமா என்று மருத்துவர்கள் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் பெருத்தாலும் டிபியாக இருக்கலாம் என்றால், வீக்கத்தை மட்டும் பார்த்து ஊகிக்க முடியாது என்றுதானே பொருள்? அறுவை அரங்குகளும் நோய்க்குறியியல் துறைகளும் திணறும் என்பது அடுத்த ஆட்சேபம். நான் எல்லாக் கணுவையும் கேட்கவில்லை. சிபிநாட் பரிசோதனையில் கிருமி உறுதியானவர்களும், மருந்துக்குக் கட்டி கரைந்தவர்களும் விலகிவிட்டால் மிஞ்சுவோர் குறைவு. அவர்களும் சென்னைக்கு அலைய வேண்டாம். மாவட்ட மருத்துவமனையில் எடுத்த திசு மெழுகுக் கட்டியாக வந்தால் போதும்.

1954-இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை அடையாற்றில் இருக்கிறது. சானடோரியம் வேண்டாம், வீட்டிலிருந்தே டிபியைக் குணப்படுத்தலாம் என்று 1959-இல் உலகுக்குக் காட்டிய ஆய்வு மையம் சேத்துப்பட்டில் இருக்கிறது. ஒரே ஊரில் உள்ள இந்த இரண்டு அனுபவங்களையும் சேர்த்து உட்கார வைத்தால் விதியின் வாசகம் தயாராகிவிடும். முதல் வேலையாக, டிபி சிகிச்சை அட்டையில் இரண்டாம் மாத முடிவுக்கு நேராக 'கணுவின் அளவு' என்று ஒரு கட்டம் அச்சிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மயிலாப்பூர்வாசி ஒருவர்