முதலில் கம்பி, பிறகே வண்டி

1931-ம் வருஷத்தில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்குமிடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. முதலில் கம்பி, பிறகே வண்டி என்பது அன்றைய முறை. 2025-ல் பெரும்பாக்கம் பணிமனைக்கு வந்த மின்சார பஸ்கள் விஷயத்திலும் இம்முறையே அனுசரிக்கப்பட்டது. ஆனால் சேலையூரிலும் பெருங்களத்தூரிலும் வீடுகளில் பெருகிவரும் ஸ்கூட்டர்களுக்கும் கார்களுக்கும் முன்னேற்பாடு யாது?

காருக்குரிய வீட்டுச் சார்ஜர் 7 கிலோவாட் வரை இழுக்கும். அது ஏறக்குறைய 100 மின்விசிறிகளுக்குச் சமம். மாலையில் வீடு திரும்புவோர் யாவரும் ஒரே வேளையில் சார்ஜ் போட்டால், விளக்குக்கும் விசிறிக்குமென அளந்து வைத்த தெரு டிரான்ஸ்பார்மர் தாங்குமா? சித்திரை மாதத்து இரவில் அது பழுதானால், வண்டியே இல்லாத ஏழையும் அவதியுறுவானன்றோ?

மின்சார வண்டிகளை நாம் எதிர்க்கவில்லை, மனமார வரவேற்கிறோம். தாம்பரம் ரயில் நிலையத்தில் பகல் முழுதும் வண்டிகள் சும்மா நிற்கின்றன. சூரிய மின்சாரம் மிகுந்து கிடைக்கும் நேரமும் அதுவே. ரயில்வேயுடன் கலந்து அங்கே சார்ஜ் வசதி அமைப்பதும், இரவு 10 மணிக்குமேல் வீட்டில் சார்ஜ் செய்வோருக்குக் கட்டணம் குறைக்க வழி தேடுவதும், டிரான்ஸ்பார்மர்களின் சுமையைத் தெருவாரியாக அளந்து பிரசுரிப்பதும் மின் பகிர்மானக் கழகத்தின் கடமை. கோடைக்கு முன்னரே சர்க்கார் இதைச் செய்விக்க வேண்டும். இருளில் மூழ்கிய பின் சமாதானம் கூறுவது நிர்வாகமாகாது.