சாறு பிழியும் எந்திரம் வாங்கலாமா?

கடைகளில் இப்போது ஒரு புது எந்திரம் விற்கிறது. மெதுவாகச் சுற்றிச் சாறு பிழியும் எந்திரம். விலை பல ஆயிரம் ரூபாய். "இதில் சாறு குடித்தால் நோயே அண்டாது" என்றுகூடச் சிலர் சொல்கிறார்கள். அதை நம்பலாமா?

என்ன வித்தியாசம்?

மிக்சி நிமிடத்துக்குப் பல ஆயிரம் தடவை சுற்றும். பழத்தை வெட்டி அரைக்கும். புது எந்திரம் சுமார் 40 முதல் 100 தடவைதான் சுற்றும். உள்ளே உள்ள திருகு, பழத்தை நசுக்கி, சல்லடையில் அழுத்திப் பிழியும். சத்தம் குறைவு. நுரையும் குறைவு. சக்கை உலர்ந்து வரும். கேரட், இஞ்சி, கீரைக்கு ஏற்றது.

இவ்வளவுதான் அதன் பெருமை. நோயைத் தீர்க்கும் சக்தி எந்த எந்திரத்துக்கும் கிடையாது!

பழமே மேல்

ஒரு டம்ளர் சாறுக்கு 3 அல்லது 4 ஆரஞ்சு வேண்டும். அத்தனையும் உரித்துத் தின்றால் வயிறு நிறைந்துவிடும். சாறாக்கினால் நாலு மடக்கில் தீர்ந்துவிடும். சர்க்கரை உடம்புக்குள் போகிறது. நார்ச்சத்து குப்பைக்குப் போகிறது!

குறைக்க வேண்டிய சர்க்கரையின் கணக்கில், பழச்சாற்றில் உள்ள சர்க்கரையையும் உலக சுகாதார நிறுவனம் சேர்த்திருக்கிறது. ஆகவே, கடித்துத் தின்னும் பிள்ளைக்குப் பழத்தையே கொடுப்பது நல்லது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குச் சாறு வேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

கடனுக்கு எந்திரம் வாங்குவதை விட, அந்தப் பணத்தில் மாதாமாதம் கொய்யாவும் பப்பாளியும் வாங்குவதே புத்திசாலித்தனம்.

வாங்குவதானால்...

கையில் பணம் இருந்து, ஆசையும் இருந்தால் வாங்கலாம். ஆனால் கடையில் நாலு கேள்வி கேட்க வேண்டும்.

கழற்றிக் கழுவ எளிதா? திருகும் சல்லடையும் தனியாகக் கிடைக்குமா? அடைத்துக்கொண்டால் பின்பக்கம் சுற்றுமா? உத்தரவாதம் எத்தனை வருடம்?

முதல் கேள்விதான் முக்கியம். கழுவச் சிரமமான எந்திரம் ஒரே மாதத்தில் பரணுக்குப் போய்விடும்.

உபயோகிக்கும் முறை

மாம்பழம் போன்றவற்றின் கொட்டையை எடுத்துவிட வேண்டும். கீரைத் தண்டைச் சின்னதாக நறுக்க வேண்டும். இல்லாவிட்டால் நார் திருகில் சுற்றிக்கொள்ளும். வாழைப்பழம் இதற்கு ஏற்றதல்ல; கூழாகி அடைத்துக்கொள்ளும்.

சாற்றை உடனே குடிக்க வேண்டும். எந்திரத்தையும் உடனே கழுவ வேண்டும். காய்ந்தால் சல்லடைக் கண் அடைந்துவிடும். கேரட் சக்கையை அடை மாவில் கலக்கலாம்.

ஒரு எச்சரிக்கை! சுரைக்காய்ச் சாறு கசந்தால் ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது. கசப்புச் சுரைக்காய் விஷம். அதைக் குடித்து உயிர் இழந்தவர்களும் உண்டு.

எந்திரம் கையின் வேலையைக் குறைக்கலாம். பல்லின் வேலையைப் பல்லிடமே விட்டுவிடுவதுதான் உடம்புக்கு நல்லது.