பட்டி பார்க்கும் கைக்குக் கையுறை வேண்டும்

மூன்று வாரமாக ஒரு மூடியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், வீட்டு கார் கொட்டகையில், இரண்டு பேர் அமரும் ஆர்.வி.-7ஏ விமானம் ஒன்றைக் கட்டுகிறேன். பாகங்களை இதே மாநிலத்து வேன்ஸ் நிறுவனம் பெட்டி பெட்டியாக அனுப்புகிறது. பாதிக்கு மேல் வேலையைக் கட்டுபவரே செய்திருந்தால்தான் இங்குள்ள சட்டம் அதை வீட்டில் கட்டிய விமானமாக ஏற்கும்.

இறக்கையும் உடலும் அலுமினியம். துளையிட்டு ரிவெட் அடித்தால் முடிந்தது. எஞ்சின் மூடியான கௌலிங்கோ கண்ணாடி இழையாலான ஃபைபர். மேல் பாதி, கீழ்ப் பாதி என்று வரும். முதல் பார்வைக்கு வழவழப்பாக இருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் மேலெல்லாம் ஊசித்துளைகள் தெரியும். பெயின்ட் அவற்றை மறைக்காது. முன்பைவிடப் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். எபாக்சி ரெசினை ஊற்றி, பழைய பிளாஸ்டிக் அட்டையால் குறுக்கும் நெடுக்கும் இழுத்துத் துளைக்குள் இறக்க வேண்டும். பள்ளமான இடங்களுக்குப் பட்டி. மாவு போன்ற நுண்ணிய கண்ணாடிக் குமிழிகளை ரெசினில் குழைத்து, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதத்தில் பூசுகிறேன். எடை கூடாமல் இருக்கத்தான் இந்தக் குமிழிகள். காய்ந்ததும் 80-ஆம் எண் உப்புத்தாளை நீளப் பலகையில் ஒட்டித் தேய்க்க வேண்டும். வெறும் விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் போன வழியே பள்ளம் விழும். மேடு பள்ளம் பார்க்க நான் நம்புவது உள்ளங்கையை. கண்ணை மூடிக்கொண்டு தடவினால் தெரிந்துவிடும்.

தேய்க்கும்போது தூள் புகையாய்ப் பறக்கும். வடிகட்டி பொருத்திய முகமூடி, நைட்ரைல் கையுறை இல்லாமல் நான் தொடுவதில்லை. எபாக்சி ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போனால் பிறகு துளி பட்டாலும் தடிக்கும்.

முகமூடியைக் கழற்றும்போதெல்லாம் நாகப்பட்டினத்து மாமா நினைவுக்கு வருகிறார். 2004 சுனாமிக்குப் பிறகு அங்கே ஃபைபர் படகுப் பட்டறைக்கு வேலைக்குப் போனார். வெறுங்கையால் ரெசின் பூசுவார், தின்னரில் கை கழுவுவார், வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு தேய்ப்பார். இரவெல்லாம் அரிப்பு. அத்தை தேங்காய் எண்ணெய் தடவிவிடுவார். படகுக்குப் பயன்படும் பாலியெஸ்டர் ரெசினின் நெடி ஸ்டைரீன். மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும் என்று கருதப்படும் பொருள்களின் வரிசையில், உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2018-இல் அதைச் சேர்த்தது. அந்த ஆவியைத் துண்டு தடுக்காது.

பொழுதுபோக்குக்கு விமானம் கட்டும் எனக்கு இருக்கும் காப்பு, பிழைப்புக்குப் படகு கட்டிய அவருக்கு இல்லாமல் போனது அநியாயம். சுவாசக் கருவியையும் கையுறையையும் வாங்கித் தருவது பட்டறை முதலாளியின் கடமை. கூலிக்காரர் தன் காசில் வாங்க வேண்டியவை அல்ல. படகுக்கு மானியம் தரும் அரசு ஒரு நிபந்தனை போடட்டும்: தொழிலாளிக்கு இவற்றைக் கொடுக்கும் பட்டறையில் கட்டிய படகுக்கே பணம். படகு வாங்கப் போகும் மீனவர்களே, பட்டறைக்குள் நுழைந்ததும் தேய்ப்பவரின் முகத்தையும் கையையும் ஒருமுறை பாருங்கள்.