ஆங்கிலத் தேர்வு அளப்பது எதனை?

அளவுகோல் கோணலாயின் அளவும் கோணலாகவே அமையும். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு மாணாக்கரின் ஆங்கிலத் திறத்தை அளந்து வரும் கோல் அத்தகையதே. ஆங்கிலத் தேர்வு எவ்வாறிருந்தால் தமிழ்ப்பற்றாளர்க்கு என்ன என வினவுவார் உளர். அக் கோணற்கோல் ஆங்கிலத்தை வளர்க்கவும் இல்லை. தமிழைக் கெடுக்காது விட்டதும் இல்லை. ஆகலின் இது தமிழர் ஆராய வேண்டிய பொருளே.

இதன் விளைவைக் கண்கூடாகக் காண விழைவார் ஓசூர்க்குச் செல்க. கிருட்டிணகிரி மாவட்டம் 2004 ஆம் ஆண்டிலேதான் தருமபுரியினின்று பிரிந்தது. ஓசூரோ அதற்கு நெடுநாள் முன்பே தொழில்நகராகி விட்டது. சிப்காட்டுத் தொழிற்பேட்டையும், அசோக் லேலண்டு, டைட்டன் முதலாய பெருந்தொழிலகங்களும் அங்குள்ளன. பெங்களூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர்த் தொலைவிலேயே உள்ளது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகளாக வழங்குகின்றன, உருதும் உண்டு. அங்குள்ள பிள்ளைகள் பலர்க்கு ஆங்கிலம் இரண்டாம் மொழியன்று, மூன்றாம் மொழி.

அப் பிள்ளை முதல் வகுப்புத் தொடங்கிப் பத்தாண்டுகள் ஆங்கிலம் கற்கின்றான். பத்தாம் வகுப்பின் இறுதியில் 100 மதிப்பெண்ணுக்கு ஓர் எழுத்துத் தேர்வு. 35 பெற்றால் தேர்ச்சி. 2019 வரை இரு தாள்களாக இருந்தது பின்னர் ஒரே தாளாயிற்று. தாளின் எண்ணிக்கை மாறிற்றேயன்றி அதன் இயல்பு மாறவில்லை. பாடநூலில் உள்ள சொல்லுக்கு ஒருபொருட் சொல், எதிர்ச்சொல். பாடநூலில் உள்ள கதைக்குப் பத்திவிடை. பாடநூலில் உள்ள பாட்டை அடிபிறழாது எழுதுதல். இவற்றிற்கெல்லாம் விடைகள் கடைகளில் விற்கும் துணைநூல்களில் அச்சாகி ஆயத்தமாகக் கிடைக்கின்றன. உருப்போட்டவன் வெல்கின்றான், பொருளுணர முயன்று பிழைபட எழுதியவன் தோற்கின்றான்.

அயலானுக்கு வழிகூறும் வினா ஒன்றும் அத் தாளில் இடம்பெறுவதுண்டு. வழிகூறுதல் வாயின் வேலை. அதனையும் மையால் எழுதியே காட்ட வேண்டும்! அறிவியற் பாடத்திற்கு எழுத்து 75, செய்முறை 25 எனப் பகுத்து, செய்தும் காட்டுக என்கின்றனர். செய்து காட்டலே உயிராகிய மொழிக்குச் செய்முறை இல்லை. கேட்டறியும் செவியும், மறுமொழி கூறும் நாவும் பத்தாண்டுகளில் ஒருநாளும் பொதுத்தேர்வில் அளக்கப்படுவதில்லை. தேர்வில் வாராதது வகுப்பிலும் வாராது என்பது பள்ளியறிந்தார் எல்லாரும் அறிந்ததே.

இனி இதன் தீவிளைவைக் காண்க. ஆங்கிலத்தில் எண்பது மதிப்பெண் பெற்ற பிள்ளை தொழிலக நேர்காணலில் தன் ஊர்ப்பெயர்க்கு மேல் ஒன்றும் கூறமாட்டாது நிற்கின்றான். பெற்றோர் திகைக்கின்றனர். குற்றம் தேர்வின்மேலது என்று அவர்க்கு எடுத்துச் சொல்வார் இல்லை. "தமிழ்வழியில் படித்ததே கேடு" என்று முடிவு கட்டி, இளைய பிள்ளையை ஆங்கிலவழிப் பள்ளிக்கு விடுக்கின்றனர். ஆங்கிலப் பாடத்தின் தோல்வி ஆங்கிலவழிக் கல்விக்கு ஆள்சேர்க்கும் தரகனாகி விட்டது. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகியதற்கும் பெற்றோரின் இம் மயக்கமே உரமாயிற்று.

ஆங்கிலவழியிலேனும் ஆங்கிலம் வந்ததா எனின், அதுவும் இல்லை. அங்கே கணக்கும் அறிவியலும் குமுகவியலும் மறைமுக ஆங்கிலத் தேர்வுகளாகி விடுகின்றன. ஒளிச்சேர்க்கையை உணர்ந்த சிறுவன் அதனை எழுத ஆங்கிலச் சொற்றொடர் அமையாமையால் மதிப்பெண் இழக்கின்றான். உணராதவன் உருப்போட்டு எழுதி மதிப்பெண் பெறுகின்றான். ஒரு பாடத்தில் இருந்த நெட்டுரு நோய் எல்லாப் பாடங்களிலும் பரவியதே கண்ட பயன். இதற்கிடையில் தாய்மொழியில் எண்ணும் ஆற்றலும் தேய்கின்றது.

உலகோர் மொழித்திறத்தை எவ்வாறு அளக்கின்றனர்? ஐரோப்பிய மன்றம் 2001 இல் வெளியிட்ட மொழித்திறச் சட்டகம் அறிவை ஆறு படிகளாகப் பகுத்தது. கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் ஆகியவற்றில் கற்பவன் என்ன செய்ய வல்லன் என்பதே அங்கு வினா. எந்தப் பாட்டை ஒப்பித்தான் என்பதன்று. எல்லைக்கு அப்பாலுள்ள கருநாடகமோ பள்ளியிறுதித் தேர்வில் முதன்மொழிக்கு 125 மதிப்பெண்ணும் ஏனைப் பாடங்களுக்கு 100 மதிப்பெண்ணும் என நெடுங்காலம் வைத்திருந்தது. முதன்மொழியின் தலைமையை மதிப்பெண்ணிலேயே காட்டிய அம் முறையை, அத்திப்பள்ளி எல்லைக்கு இப்பாலுள்ள ஓசூர்த் தமிழர் எண்ணிப் பார்ப்பது நன்று.

செய்யத்தக்கன மூன்று. ஒன்று, ஆங்கிலத்தின் 100 மதிப்பெண்ணில் 25 ஐக் கேட்டலுக்கும் பேசுதலுக்கும் ஒதுக்குக. இரண்டு, பாடநூலில் இல்லாத புதிய பத்தி, அறிவிப்பு, மடல் ஆகியவற்றைக் கொடுத்துப் பொருள் கேட்க. அடிபிறழாது ஒப்பிக்கும் வினாக்களை நீக்குக. மூன்று, ஆங்கிலத்தை ஒரு பாடமாக நன்கு கற்பித்து, ஏனைப் பாடங்கள் அனைத்தையும் தாய்மொழி வழியே கற்பிக்க.

வாய்மொழித் தேர்வு வைத்தால் ஆசிரியர் மதிப்பெண்ணை வாரி வழங்குவர் என்பது சிலர் கூறும் தடை. அத் தடை வலியுடையதே. மேல்நிலைத் தேர்வின் ஆங்கிலத்தில் எழுத்துக்கு 90 போக எஞ்சிய 10 அகமதிப்பீடு திறத்தை அளவாது பெரும்பாலும் கொடையாகவே முடிதல் கண்கூடு. ஆயின் பன்னிரண்டாம் வகுப்பு அறிவியற் செய்முறைத் தேர்வுக்குப் பிற பள்ளி ஆசிரியர் புறத்தேர்வாளராக வருகின்றாரன்றோ? அம் முறையே மொழிக்கும் ஆகும். பல்லாயிரவரைத் தனித்தனியே வினவக் காலமும் ஆளும் வேண்டும் என்பதும் மெய்யே. ஆங்கிலவழிப் பிரிவுகளுக்குச் செலவாகும் உழைப்பில் ஒரு பங்கு அதற்குப் போதும்.

பேரவை 1968 சனவரி 23 ஆம் நாள் ஏற்ற இருமொழிக் கொள்கை ஆங்கிலத்தைக் கருவியாக வைத்ததேயன்றி அரியணையில் ஏற்றவில்லை. கருவி கூர்மையாயின் கையில் அடங்கும். மழுங்கியதாயின் அதனைத் தீட்டுவதிலேயே வாழ்நாள் கழியும். மழுங்கிய ஆங்கிலத்தைத் தீட்டுவதாகக் கூறித் தமிழ்ப் பிள்ளைகளின் தமிழையே தேய்த்து வருகின்றனர்.

ஓசூர்த் தொழிலகத்துப் பொறியின்மேல் தமிழில் எச்சரிக்கை எழுதுக எனக் கேட்கும் உரிமையும், அயலான் ஆங்கிலத்தில் வினவினால் அஞ்சாது விடைகூறும் திறனும் அங்குள்ள பிள்ளைக்கு ஒருங்கே வேண்டும். முன்னதைத் தருவது தமிழ்வழிக் கல்வி. பின்னதைத் தருவது நேர்மையான ஆங்கிலத் தேர்வு. இரண்டையும் கேட்டுப் பெறுவது பெற்றோர் கடன். கேட்குமாறு அவரை எழுப்புவது தமிழுணர்ந்தார் கடன்.